பாறைக்கும் உண்டு ஓபனிங் பேலன்ஸ்!

பாறை வளையுமா? 'வளையாது சார், உடையும்' என்பீர்கள். இரண்டுமே செய்யும். பூமிக்கு அடியில் லட்சக்கணக்கான வருஷம் இரண்டு பக்கமும் நெருக்கினால், சுண்ணாம்புப் பாறைகூட ஜமுக்காளம் மாதிரி மடிந்து கொடுக்கும். மடிந்த இடத்தில் விரிசலும் விடும்.

இந்த விரிசல் விவகாரத்தில் கோடிக்கணக்கில் டாலர் புழங்குகிறது. (பணம் என்றதும் பி.காம். மூளை எப்படி விழித்துக்கொள்கிறது, பாருங்கள்!) ஈரானில் மஸ்ஜித்-இ-சுலைமான் என்ற ஊரில் 1908-ல், சுமார் 360 மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. அங்கே எண்ணெய் இருந்தது மடிந்த சுண்ணாம்புப் பாறையில். கெட்டிப் பாறைக்குள் எண்ணெய் லேசில் நகராது. விரிசல்தான் அதற்கு ரோடு. அதே ரோட்டில் தண்ணீரும் வந்து கிணற்றைக் கெடுக்கும் என்பது தனித் தலைவலி.

கிணற்றுத் துளையோ அடியில் ஏறக்குறைய ஒரு சாண் அகலம். விரிசல்கள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்பவை. நேராகத் துளைத்தால், இரண்டு விரிசலுக்கு நடுவே நைசாக இறங்கிப் போய்விடலாம். போட்ட பணம் கோவிந்தா! அதனால்தான் விரிசல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள்.

ஜியாலஜி படிக்கும் என் அக்கா பையன் லீவுக்கு வந்தபோது லேப்டாப்பில் இதைக் காட்டினான். பாறை அடுக்கைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு விறைப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எவ்வளவு வழுக்கல் என்று நம்பர் கொடுத்தான். பட்டனைத் தட்டியதும் பாறை மெதுவாக மடிந்தது. அதன் முதுகு மட்டும் சிவந்தது.

"அங்கேதான் இழுபடுது மாமா. நசுக்கினா பாறை நல்லாத் தாங்கும். இழுத்தா, அதுல சுமார் பத்துல ஒரு பங்குதான் தாங்கும். பட்டுன்னு விட்டுடும்."

"அது சரி, வழுக்கல் எதுக்குடா?"

மேஜை மேலிருந்த என் டைரியை எடுத்து வளைத்தான். பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கின. "இதையே பசை போட்டு மொத்தமா ஒட்டிட்டு வளைச்சா, மேல் பக்கம் கிழிஞ்சிடும்" என்றான். (புது டைரி. பசையைத் தேடாமல் விட்டானே!)

இதற்கு ஓர் எளிய கணக்கும் உண்டு. 1968-ல் ஜார்ஜ் மர்ரே என்பவர் அமெரிக்காவின் வடக்கு டகோடாவில் ஓர் எண்ணெய் வயலை வைத்துச் சொன்னது. அடுக்கு எவ்வளவு தடிமனோ, வளைவு எவ்வளவு கூர்மையோ, விரிசல் அவ்வளவு திறக்கும். அழகான கணக்கு! ஆனால் ரொம்ப அழகாக டாலி ஆகும் கணக்கைப் பார்த்தால், எங்களைப் போன்ற ஆசாமிகளுக்கு ஒரு சந்தேகம் வரும்: ஓபனிங் பேலன்ஸ் எங்கே?

சந்தேகம் நியாயமானதுதான். வயோமிங் மாநிலத்தில் ஷீப் மவுன்டன் என்று ஒரு மலை. சுமார் 6 கோடி வருஷத்துக்கு முன் மடிந்த பாறை. பிக்ஹார்ன் ஆறு அதைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டது. ஸ்டான்ஃபோர்டின் டேவிட் பொல்லார்டும் சகாக்களும் அங்கே விரிசல்களின் திசைகளை அளந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். முதுகில் நீளவாக்கில் ஓடும் விரிசல்கள் மடிப்பால் வந்தவை. சரி. இன்னொரு கூட்டமோ, மடிப்பு வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்திருக்கிறது! மடியும்போது அந்தப் பழசுகளில் சில மறுபடி அசைந்தும் கொடுத்திருக்கின்றன. பழையது அசைந்து கொடுத்தால் புதியது உடைய வேண்டிய அவசியம் குறைகிறதல்லவா?

ஆக, வளைவை மட்டும் பார்த்துப் போடுகிற மாடல், ஓபனிங் பேலன்ஸ் எழுதாத லெட்ஜர். கூட்டல் சரியாக வரும், கையிருப்பு இடிக்கும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்ததைத்தான் அது கூட்டும். வெளியே தெரியும் பாறையில் நேரில் போய் அளந்து, கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டைப் பார்த்து, பழைய விரிசல்களையும் உள்ளே எழுதினால்தான் அதன் பதிலை நம்பிப் பணம் போடலாம்.

'எங்கே வளைந்தது?' என்று கேட்பதற்கு முன் 'வளைவதற்கு முன்னாலேயே என்னென்ன உடைந்திருந்தது?' என்று கேட்க வேண்டும். நம்ம ஆடிட்டர் வருஷா வருஷம் இதைத்தானே கேட்டு உயிரை வாங்குகிறார்!