கொட்டப்பெட்டிக்கும் ஒரு விலை உண்டு



குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. மாவிலித்துறையில் இறங்கியதும் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும், அப்பால் பனங்கூடல்களும் தெரியும். வெட்டவெளிகளில் குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை.

அண்மையில் அங்குள்ள மாதர் குழுவொன்றைச் சந்திக்கப் போயிருந்தேன். போரில் கணவனை இழந்த அம்மா ஒருவர் திண்ணையிலிருந்து கொட்டப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலையும் சில்லறையும் வைத்து எங்கள் பெரியவர்கள் இடுப்பில் செருகிய அதே பெட்டி.

"என்ன விலைக்குக் குடுக்கிறியள் அம்மா?"

"வாங்க வாற ஆக்கள் தாறதுதான் பிள்ளை. சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறதுதானே."

அந்தப் பதில் என் மனதை உறுத்தியது.

குதிரைகளைக் கண்டபோது, படித்த செய்தியொன்று நினைவுக்கு வந்தது. 1837இல் பாரிஸ் நகரில் தியரி எர்மெஸ் என்பவர் குதிரைகளுக்கான வார்கள் செய்யும் பட்டறை தொடங்கினார். மோட்டார் வண்டி வந்து குதிரைகள் குறைந்தன. ஆனால் அந்தக் கைத்தையலை அவரது குடும்பம் கைவிடவில்லை; அதைக் கொண்டே தோற்பைகள் செய்தது. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துவார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல்கள் பிரியாது. பெரும்பாலும் ஒரு பையை ஒரே கைவினைஞரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார். அது பழுதானால் திருத்தியும் கொடுக்கிறார்கள். 1984இல் அறிமுகமான 'பேர்க்கின்' பை இன்று பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கும் மேல் விற்கிறது.

தோலும் ஓலையும் ஒன்றல்ல. அவர்களுக்கு முதலும் விளம்பரமும் உண்டு. என்றாலும் எங்கள் வேலையை எண்ணிப் பாருங்கள். குருத்தோலையைக் காயவைக்க வேண்டும். ஈர்க்கு நீக்கி, சத்தகத்தால் ஒரே அளவாக வார வேண்டும். சாயம் கரைத்த கொதிநீரில் அவிக்க வேண்டும். பிறகுதான் இழைக்கத் தொடங்கலாம். கடகமென்றால் விளிம்பை நாரால் பொத்தவும் வேண்டும். இதுவும் வருடக்கணக்கில் கை பழகிய தொழில். அவர்கள் தமது கைவேலையின் நேரத்தையும் விலையில் சேர்க்கிறார்கள். நாங்கள் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அன்று குழுவாக இருந்து ஒரு கொப்பியில் எழுதினோம்: ஓலைக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம். எழுதி முடித்தபோது அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு நாளும் நான் கைக்காசைப் போட்டெல்லோ குடுத்திருக்கிறன்" என்றார்.

அடுத்த முறை விலையைக் குழுவாகவே சொல்வதென்று முடிவெடுத்தார்கள். ஒருவர் குறைத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் நட்டம் என்பதையும் பேசிக்கொண்டார்கள். வாங்குபவர் முகம் சுளிக்கலாம். சில பெட்டிகள் விற்காமலும் போகலாம். அந்தப் பயம் அவர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை போன்ற இடங்களில் வேறு வாய்ப்புகளையும் விசாரித்து வைப்பது நல்லது.

சகோதரிகளே, நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ நீங்கள் ஓலை இழைப்பவராயின், இன்றே ஒரு கொப்பி எடுங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதன் கீழே, வேலை தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள்.