கதவைச் சாத்திய பிறகு

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் அனுப்பப்படும் பெண்கள் தனியாக வருவதில்லை. உசிலம்பட்டியோ மேலூரோ, கூடவே மாமியாரோ அம்மாவோ இருப்பார்கள். சர்க்கரை, மூட்டுவலி, குறட்டை எல்லாவற்றுக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். "அஞ்சு மாசமா தலைக்கு ஊத்தல டாக்டரம்மா" என்பதும் மாமியார் வாயிலிருந்தே வரும். எழுதிக்கொண்டு, அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன். மகப்பேறு மருத்துவராக நான் கற்ற வேலையில் பாதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

"வீட்டுக்காரரோட சேர்ந்திருக்கறப்ப வலி இருக்காம்மா? விருப்பம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவசரப்படக் கூடாது. திருமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர் வெகுநேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருஷமா அவுக திண்ணையிலதான் படுக்குறாக."

குற்றம் தன் மனசில்தான் என்று அவர் நம்பியிருந்தார். உடம்பில் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை என்று விளக்கினேன். அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் ஏற ஏறச் சினைப்பை டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் புரதத்தையோ கல்லீரல் குறைத்துவிடுகிறது. பிடி விட்ட ஹார்மோன்தான் மோவாயில் முடியாகவும் தள்ளிப்போகும் மாதவிலக்காகவும் தெரிகிறது. ஊரில் இதை நீர்க்கட்டி என்கிறோம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல, முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள்.

எடை இறங்கும்போது இந்தச் சங்கிலி அவிழ்கிறது. பலருக்குச் சில மாதங்களிலேயே மாதவிலக்கு ஒழுங்காகிவிடும், முட்டையும் வெளிவரத் தொடங்கும். அமெரிக்காவில் டேவிட் சார்வர் குழுவினர் 106 பெண்களை ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள். ஹார்மோன்களும் தாம்பத்திய சுகமும் தேறியிருந்தன. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. யாரும் கேட்காத கேள்வியை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

ஆனால் இந்த நல்ல சேதியிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் நான் செய்த பிழை அது. எட்டு வருஷமாகப் பிள்ளையில்லாத வாடிப்பட்டிப் பெண்ணிடம் கருத்தடை பற்றி எப்படிப் பேசுவது என்று கூசி, பேசாமல் விட்டுவிட்டேன். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் "முழுகாம இருக்கேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். ஒரு வேளைக்கு ஓர் இட்லிகூட இறங்காத நேரம் அது. ரத்தத்தில் இரும்புச்சத்து தரைதட்டியிருந்தது. பிள்ளை எடை குறைவாகப் பிறந்தது. நல்லவேளை, தேறிவிட்டது. அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கியதில்லை.

இப்போது எவரிடமும் கூசுவதில்லை. 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்கிறேன். எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம் என்பதால் காப்பர் டி போன்றவற்றைச் சொல்கிறேன். நின்றிருந்த மாதவிலக்கு திரும்பினால் ரத்தமும் போகும். பைபாஸில் இரும்பை உறிஞ்சும் முன்குடலை உணவு தொடாமலே கடந்துவிடுகிறது. அதனால் இரும்பு மாத்திரையை விடவே கூடாது, டீயோடு விழுங்கவும் கூடாது.

திருமங்கலத்துப் பெண் வருஷம் முடிந்து வந்தார், இந்த முறை தனியாக. கணவர் இப்போது வீட்டுக்குள் படுக்கிறார். "எனக்குத்தான் டாக்டரம்மா, தொங்குற வயித்த அவுக தொட்டா அழுகை வருது." சுருங்காத தோலுக்கு ஹார்மோனில் மருந்தில்லை. அன்று அரைமணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை கணவரையும் கூட்டி வரச் சொன்னேன். சித்திரைத் திருவிழா முடியட்டும், வருகிறோம் என்றார்.