முதலில் வெப்பத்தை எண்ணுங்கள்

வெப்பத்தைப் பற்றிக் கும்மிடிப்பூண்டியில் வாழ்கிற உங்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாள்களில் சிப்காட் சாலையில் பணிமாற்றத்திற்கு நடந்து செல்கிற எவரும் அதை நன்கு அறிவர். ஆயினும் இவ்வாரம், ஒரு கணினிப் பெட்டிக்குள் அடங்கிவிடும் சிறிய வெப்பத்தைக் குறித்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன். கணினியை நீரால் குளிர்விக்க வேண்டும் என்ற ஆவல் நம் வாலிபர் பலருக்கு உண்டு. அந்த ஆவலுக்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை எப்படித் திட்டமிடுவது என்று முதன்முறையாக யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அறிந்த வாலிபன் ஒருவன் பகலில் ஆலைப் பணிக்குச் செல்கிறான். இரவில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கிறான். மிகுநேர ஊதியத்தில் 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். தங்கையின் கல்லூரிக் கட்டணம் ஜூன் மாதத்தில் வரவிருந்தது. அந்நிலையில் ஒரு தாளை என்னிடம் நீட்டி, "ஐயா, கணக்குச் சரியா என்று பாருங்கள்" என்றான். செயலியின்மேல் பொருத்தும் நீர்த்தொகுதி 7,000, கிராஃபிக்ஸ் அட்டைக்குரியது 12,000, மூன்று விசிறி நீளமுள்ள ரேடியேட்டர் 8,000, நீர்க்கலத்துடன் கூடிய பம்பு 12,000. ஆக 39,000 ரூபாய். கையில் ஆறாயிரம் மிஞ்சும் என்பது அவன் கணிப்பு.

நான் அவனை அவனுடைய தந்தையிடமே அழைத்துச் சென்றேன். ஏனெனில், நீரால் குளிர்விக்கும் கலையை அவரைப்போல் அறிந்தவர் எங்கள் தெருவில் இல்லை. இரும்பை உருக்கும் மின்தூண்டல் உலையில் பல ஆண்டுகளாகப் பணி செய்கிறவர் அவர். அவ்வுலையைச் சுற்றியுள்ள செப்புச் சுருள் உள்ளே குழாய்போல் வெறுமையாய் இருக்கும். அதன் வழியே ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரமும், அதே குழாயினுள் குளிர்நீரும் ஓடுகின்றன. சுருளுக்கு உட்புறத்தில், ஓர் உட்பூச்சுச் சுவருக்கு அப்பால், ஏறத்தாழ 1,600 டிகிரியில் எஃகு உருகி நிற்கிறது. நீரின் அழுத்தம் குறைந்தாலும் வெப்பம் கூடினாலும் மின்சாரம் தானே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். நீர் கசிந்து உருகிய உலோகத்தைத் தொட்டால், அது நொடியில் ஆவியாகி வெடிக்கும்.

அவர் தாளைப் படித்துவிட்டு மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, தண்ணீர் சூட்டைத் தின்றுவிடாது. சுமந்துகொண்டு போகும், அவ்வளவுதான். அதை எங்கே இறக்கி வைக்கப் போகிறாய்?"

பிரியமானவர்களே, திட்டமிடுதல் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரே கன அளவுள்ள காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்க வல்லது. ஆனால் சுமந்ததை ரேடியேட்டரின் வழியாக அறையின் காற்றிடமே ஒப்படைக்க வேண்டும். ஆகவே, அறையைவிடக் குளிர்ந்த கணினியை இந்த முறை ஒருபோதும் தராது. அறையில் 37 டிகிரி என்றால், நீர் அதற்கு மேலேதான் நிற்கும்.

எனவே வாங்க வேண்டிய பொருள்களுக்கு முன்பாக வெப்பத்தை எண்ணுங்கள். அந்த வாலிபனிடமிருந்த இன்டெல் கோர் ஐ7-13700கே செயலி முழுச்சுமையில் 253 வாட் வரை எடுக்கக்கூடியது. அவனுடைய ஆர்டிஎக்ஸ் 4070 அட்டை 200 வாட். இரண்டும் சேர்ந்து 453 வாட். விசிறிகள் மிதமான வேகத்தில் சுழல, நீர் அறையைவிடப் பத்து டிகிரி மட்டும் கூடியிருக்க வேண்டுமானால், 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் அளவுள்ள ரேடியேட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் என்று கணக்கிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். அவன் எழுதியிருந்ததோ மூன்று விசிறி அளவு மட்டுமே. அதைக்கொண்டு நடத்தினால், கோடையில் நீர் 52 டிகிரியை நெருங்கும். பரவலாக விற்கும் டி5 வகைப் பம்பு தாங்கும் எல்லையோ 60 டிகிரி. ஆகவே இரண்டு விசிறி அளவுள்ள இன்னொரு ரேடியேட்டர் தேவைப்பட்டது.

விலையுயர்ந்த பம்பு வாங்கினால் குளிர்ச்சி கூடும் என்று எண்ணுவோரும் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நிமிடத்திற்கு நான்கு லிட்டர் ஓடினால், 453 வாட் வெப்பம் அந்த நீரைச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 டிகிரி மட்டுமே உயர்த்தும். அதற்குமேல் ஓட்டத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் சொற்பம். பணத்தை ரேடியேட்டரின் பரப்பில் போடுவதே அறிவுடைமை.

இப்பொழுது தாளில் எழுதப்படாதவற்றைப் பாருங்கள். இரண்டாம் ரேடியேட்டர் 6,000. விசிறிகள் ஐந்து, 4,500. ஒவ்வொரு பாகத்திற்கும் இரண்டு வாய்கள். ஐந்து பாகங்களுக்குப் பத்து இணைப்பான்கள், 5,000. வளைவுகளும் நீரை வடிக்கும் திருகுவாயும் 2,500. மென்குழாய் 1,500. குளிர்திரவம் 2,000. கசிவைச் சோதிக்கும் கைப்பம்பு 2,500. மொத்தம் 24,000 ரூபாய். இவையெல்லாம் வரி உட்பட விசாரித்து எழுதிய தோராய விலைகளே. கடைக்குக் கடை மாறும். ஆனால் பாடம் மாறாது. 39,000 என்று தொடங்கியது 63,000-இல் வந்து நின்றது. பெரிய பொருள்களை நாம் எண்ணுகிறோம். நம்மைக் கடனாளியாக்குபவை பெரும்பாலும் எண்ணாமல் விட்ட சிறியவையே.

நீரைப் பற்றியும் தந்தை எச்சரித்தார். மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பதை நாம் அறிவோம். அத்தகைய கிணற்றுநீரை எந்தக் குளிர்விப்பு அமைப்பிலும் ஊற்றலாகாது. உப்பு உலோகத்தை அரிக்கும், மெல்லிய துவாரங்களை அடைக்கும். அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து சேர்ந்த குளிர்திரவத்தையே பயன்படுத்துங்கள். செப்புப் பாகங்களோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். ஒரே நீரில் இவ்விரண்டும் நனைந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆண்டுக்கொருமுறை நீரை மாற்றும் செலவையும் தாளில் எழுதுங்கள்.

"தண்ணீர் நின்றால் என்ன செய்வாய்?" என்றும் அவர் கேட்டார். உலையில் மின்சாரம் போனபிறகும் எஃகின் வெப்பம் சுருளை வாட்டும். ஆதலால் மாற்று நீர்வழி ஒன்று எப்போதும் ஆயத்தமாய் இருக்கும். கணினிக்கு அந்த அபாயம் இல்லை. மின்சாரம் நின்றால் வெப்பமும் நின்றுவிடும். பம்பு மட்டும் பழுதானால், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்து, இறுதியில் அணைந்துவிடும். ஆனாலும் பம்பின் சுழற்சியைத் தாய்ப்பலகை அறிந்து எச்சரிக்கும்படி அதன் கம்பியை இணைக்கத் தவறாதீர்கள். முதன்முறை நீர் நிரப்பும்போது பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் கசிவு உண்டா என்று பாருங்கள்.

நீரால் குளிர்விப்பது வீண் ஆடம்பரம் என்று நான் சொல்ல வரவில்லை. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி 838 டெராஃபிளாப்ஸ் திறனுடையது. அதைத் திரவத்தின் நேரடித் தொடர்பு முறையில்தான் குளிர்விக்கிறார்கள். மின்செலவையும் நடத்தும் செலவையும் குறைப்பதே அதன் நோக்கம். தேவை முதலில் நின்றது, நீர் அதன்பின் வந்தது.

நம் வாலிபனின் தேவை என்ன? காணொளி குறித்த நாளில் முடிய வேண்டும். கணினி நடுவில் நிற்கக்கூடாது. ஆகவே அவன் முதலில் பணமே செலவில்லாத ஒன்றைச் செய்தான்: பயாஸ் அமைப்பில் செயலியின் மின் உச்சவரம்பை 253 வாட்டிலிருந்து 150 வாட்டாகக் குறைத்தான். வேலை முடியச் சற்று நேரம் கூடுகிறது, அவ்வளவே. பின்பு, நீர் நிரப்பி மூடப்பட்டே வருகிற, கடைக்காரர்கள் ஏஐஓ என்று சொல்லும் அமைப்பு ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் 11,000 ரூபாய்க்கு வாங்கிச் செயலிக்குப் பொருத்தினான். கிராஃபிக்ஸ் அட்டையை அதன் சொந்த விசிறிகளிடமே விட்டுவிட்டான். அறையின் சூடான காற்றை வெளியேற்ற 2,000 ரூபாயில் ஒரு விசிறி. ஆக 13,000 செலவு, 32,000 கையிருப்பு. ஜூன் மாதத்துக் கட்டணம் கடன் வாங்காமல் கட்டப்பட்டது.

கண்ணாடிக் குழாய்களில் வண்ணநீர் ஓடும் அழகை அவன் இன்னும் விரும்புகிறான். அழகை விரும்புவது குற்றமன்று. அதற்கென்று தனியே மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கத் தொடங்கியிருக்கிறான். கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றிய உவமையை நீங்கள் அறிவீர்கள். அங்கே கோபுரம் கட்டுவதை யாரும் பழிக்கவில்லை. உட்காராமல் எழும்பினவனையே ஊரார் நகைக்கிறார்கள்.

ஆகையால், இந்த ஆவல் உங்களுக்கும் உண்டானால், கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள். எத்தனை வாட் வெப்பம் பிறக்கிறது? அதில் எவ்வளவைப் பிறவாமலே தடுக்கலாம்? மிஞ்சியதை எங்கே இறக்கி வைப்பேன்? விலைகளை அதன் கீழே எழுதுங்கள். மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராதவற்றிற்கென்று கூட்டுங்கள். எழுதிய தாளை உங்கள் வீட்டாரின் முன்பாக வைத்து வாசியுங்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு உங்களிடம் விடை இருக்குமானால், சமாதானத்தோடு வாங்குங்கள்.