நாலு கிலோ வாள்

மாவடிப்பள்ளியில் மழைக்காலம் என்றால் முதலில் வீதிதான் ஞாபகத்துக்கு வரும். காரைதீவுக்குப் போகிற வீதி வயலுக்கு நடுவால் போகிறது. ஆறு பெருகினால் வீதியும் ஆறுதான். 2024 நவம்பர் 26 அன்று மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில்தான் கவிழ்ந்தது. அதைப் பற்றி இங்கே எழுத எங்களுக்கு ஏலாது. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: அடுத்த மழைக்கு எங்கட கையில என்ன இருக்கும்? கயிறு வாங்கினோம், உயிர்காப்பு அங்கி வாங்கினோம், டோர்ச் வாங்கினோம். பட்டியலில் கடைசியாக நின்றது மெஷின் வாள். ஒரு வாள் வாங்க இரண்டு மாசம் வாய்த்தர்க்கம் பண்ணின கதை இது.

எங்களுக்கு மரம் தறிக்கிற வேலை இல்லை. காத்துக்கு வீதியில் விழுந்த கொப்பை வெட்டி ஒதுக்க வேணும், வாய்க்காலில் சல்பீனியாவோடு சேர்ந்து அடைத்துக் கிடக்கிற தடியைத் துண்டு போட வேணும், மையவாடியில் கபுறுகளுக்கு மேல் சாய்ந்த வேப்பங்கொப்பை இறக்க வேணும். தொடைக் கனத்துக்கு மேலே போகிற கட்டை வந்தால் அது தொழில்காரர்ட வேலை. மின்கம்பியில் தொங்குகிற கொப்பை மின்சார சபை வந்து லைனை நிற்பாட்டும் வரைக்கும் ஆரும் தொடுவதில்லை. இந்த எல்லைகளை முதலில் எழுதி வைத்தோம். இதை எழுதாமல் வாள் தேடப் போனால் கடைக்காரர் காட்டுகிறதுதான் நமக்குத் தேவையானதாகத் தெரியும்.

முதல் கட்சி 58 சிசி கட்சி. சீனத்து மெஷின், 20, 22 அங்குல பார், விலையும் மலிவு. "மச்சான், அந்தக் காசுக்கு ரெண்டு எடுக்கலாம்" என்பது அவர்களுடைய வாதம். கடையில் தூக்கிப் பார்த்தோம். பார், செயின், பெற்றோல், ஒயில் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோ பக்கம் வருகிறது. கடைத் தரையில் நின்று ஏழு கிலோ தூக்குவது ஒரு விஷயமே இல்லை. முழங்கால் தண்ணிக்குள் சேற்றில் கால் புதைய, குனிந்த முதுகோடு பத்து நிமிஷம் பிடித்தால்தான் ஏழு கிலோ என்ன என்று தெரியும். களைத்த கை வாளின் மூக்கை எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்காது.

மூக்குத்தான் ஆபத்து. பாரின் நுனியில் மேல் பாதி எதிலாவது முட்டினால் செயின் பிடித்துக்கொண்டு வாள் முழுவதையும் ஆளுடைய முகத்துக்கு நேரே திருப்பி அடிக்கும். இதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். செயின் ஓடுகிற வேகம் விநாடிக்கு 20 மீற்றர் அளவில் வரும். கண் சிமிட்டுகிறதுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற பிரேக்குத் தட்டு கை பட்டால் செயினை நிற்பாட்டும். ஆனால் அதை நம்பி மூக்கால் வெட்டப் போகக்கூடாது. பார் நீளமானால் மூக்கும் கண்ணுக்குத் தூரமாகிறது, இலைக்குள் ஒளிகிறது. ஆகவே எங்களுக்கு 14 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று முடிவு. 12 கூடப் போதும்.

ஊரில் கூலிக்கு மரம் வெட்டுகிற காக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் வாள் வாங்குவது மரியாதையும் இல்லை, புத்தியும் இல்லை. அதோடு எங்களுக்கு ஒரு உறுத்தலும் இருந்தது: இலவசமாகக் கொப்பு வெட்டித் தருகிற பெடியன்கள் என்று பேர் எடுத்தால் அவருடைய சோற்றில் கை வைத்த மாதிரி ஆகாதா? அதை நேரே சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "வெள்ளத்தில நான் கூலி கேக்கப்போறனா மகன்? ஆனா ஊடு வளவுக்குள்ள பூந்து வெட்டாதீங்க, அது என்ட தொழில்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் சட்டம்: வீதி, வாய்க்கால், பள்ளி, மையவாடி. அவ்வளவுதான்.

வாளைப் பற்றி அவர் சொன்னது வேறு மாதிரி. "பாரத்த மட்டும் பாக்காதீங்க. அந்தப் பாரத்துக்கு எவ்வளவு இழுக்குது எண்டு பாருங்க." அதற்குப் பிறகுதான் விபரத்தாள்களை ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினோம். ஸ்டீல் எம்.எஸ். 170 வீட்டுப் பாவனைக்குச் செய்த சின்ன வாள். 30 சிசி, 1.2 கிலோவாட் அளவு, பாரும் செயினும் இல்லாமல் ஏறக்குறைய 4 கிலோ. அதே கம்பனியின் எம்.எஸ். 201 தொழில்காரருக்குச் செய்தது. 35 சிசி, 1.8 கிலோவாட், எடை அதேபோல ஏறக்குறைய 4 கிலோதான். கையில் ஒரே பாரம், வெட்டில் ஒன்றரை மடங்கு. விபரத்தாளில் போடுகிற எடை வெறும் மெஷினுடைய எடை என்பதையும் கவனியுங்கள். பார், செயின், பெற்றோல், ஒயில் எல்லாம் அதுக்கு மேல்.

தொழில்தர வாளில் கிராங்க் கேஸ் மக்னீசியத்தில் வார்த்தது. வீட்டு வாளில் நிறையப் பகுதி பிளாஸ்ரிக். எயார் ஃபில்டர், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், செயினுக்கு ஒயில் போகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு, எல்லாவற்றிலும் வித்தியாசம் இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள் ஓடுகிற வாளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கடைசிவரை கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வீட்டு வளவுக்கு என்றால் வீட்டு வாளே தாராளம் என்றுதான் நாங்களும் சொல்வோம். எங்களுடையது பல கை மாறப்போகிறது, மழையில் ஓடப்போகிறது, அந்தப் பத்து நாளும் காலையில் தொடங்கி மஃரிப் வரைக்கும் நிற்காது. அதுதான் எங்கள் பதில்.

1926 இல் அந்த்ரேயாஸ் ஸ்டீல் செய்த முதல் மின்சார வாளைப் பிடிக்க இரண்டு ஆள் வேணுமாம். ஒரு ஆள் பிடிக்கிற பெற்றோல் வாளை அந்தக் கம்பனி 1950 இல் கொண்டுவந்தபோதும் அது 16 கிலோ. 1978 நவம்பர் சூறாவளிக்குக் கிழக்கில் தென்னை தென்னையாகச் சாய்ந்து கிடந்ததைக் கோடரியாலும் இழுவாளாலும் வெட்டி வீதி திறந்த கதையை மூத்தப்பாமார் சொல்வார்கள். அவர்களிடம் நாலு கிலோவா, ஐந்து கிலோவா என்ற எங்கள் சண்டையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்னும் பாரம் குறைந்தது வேணும் என்றால் மேல்பிடி வாள் இருக்கிறது. எக்கோ சி.எஸ். 2511 வெறும் மெஷின் 2.3 கிலோதான். படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை. காக்கா தலையை ஆட்டினார். மேல்பிடி வாள் மரத்தில் கயிறு கட்டி ஏறி வேலை செய்கிற, பயின்ற ஆளுக்குச் செய்தது. அதையும் இரண்டு கையாலும்தான் பிடிக்க வேணும். ஆனால் அதன் பாரமும் பிடியும் ஒற்றைக் கையால் வெட்டச் சொல்லி ஆளை இழுக்கும். மற்றக் கை கொப்பைப் பிடிக்கப் போகும். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மரத்தில் ஏறாத எங்களுக்குப் பின்பிடி வாளே சரி. பற்றரி வாளையும் யோசித்தோம். சத்தமில்லை, கார்பரேட்டர் இல்லை, நல்ல சாமான். வெள்ளம் வந்தால் எங்கட பக்கம் கரண்ட் போவதுதான் முதல் வேலை என்பதால் அதை விட்டோம்.

வாளைக் கொல்வது வேலை இல்லை, சும்மா கிடப்பது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் கலக்க வேணும். கலந்ததை மாசக் கணக்கில் தாங்கியில் விட்டால் பிசினாகிக் கார்பரேட்டரை அடைத்துவிடும். மழை முடிந்தால் தாங்கியை வெறுமையாக்கி, மிச்சம் எரிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட வேணும். செயினுக்கு மோட்டார் சைக்கிளில் கழித்த ஒயிலை ஊற்றுகிற பழக்கம் எங்கும் உண்டு. அது பாரையும் பம்பையும் தின்னும், வெட்டுகிற ஆளின் முகத்திலும் தெறிக்கும். வெள்ளத்தில் வந்த கட்டையில் மணல் ஒட்டியிருக்கும். கழுவாமல் வாளை வைத்தால் ஒரு வெட்டிலேயே பல் மொட்டையாகும். அரத்தால் பல் தீட்டத் தெரியாத ஆளுக்கு வாள் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். மூன்று பேர் காக்காவிடம் படிக்கிறார்கள். வளைந்து இறுகிக் கிடக்கிற கொப்பில் எந்தப் பக்கம் நெருக்கம், எந்தப் பக்கம் இழுவை என்று பார்த்து, நெருக்கப் பக்கத்தில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுவைப் பக்கத்தால் முடிப்பதையும் அவரே காட்டிக் கொடுக்கிறார். மாறி வெட்டினால் வாள் இறுகும், இல்லாவிட்டால் கொப்பு விசிறி அடிக்கும்.

சேர்ந்த காசு தொழில்தர வாளுக்கு மட்டும் காணும். அப்போதுதான் பெரிய சண்டை வந்தது. வாள் வாங்கினால் ஹெல்மெட், முகவலை, காதுமூடி, பூட்ஸ், வெட்டுத் தாங்கும் காற்சட்டைக்குக் காசில்லை. அந்தக் காற்சட்டைக்குள் நீளநீள நூல் அடுக்கியிருக்கும். செயின் பட்டால் நூல் இழுபட்டுப் பற்சில்லில் சுற்றி வாளை நிற்பாட்டிவிடும். சாறனை மடித்துக் கட்டி, செருப்போடு வெட்டுகிற ஊரில் இது ஆடம்பரமாகத் தெரியலாம். "எங்கட புள்ளட காலுக்கு என்ன விலை?" என்று ஒரு உம்மா கேட்டதோடு வாக்கெடுப்பு முடிந்தது. உடுப்பை முதலில் வாங்கினோம். வாளுக்கு நோன்பு வரைக்கும் சேர்க்கிறோம். அதுவரை மழை வந்தால் காக்காவின் வாள், எங்கள் உடுப்பு, எங்கள் ஆட்கள், அவருடைய கண்.

இன்னும் ஒன்று மிச்சம். 2019 இல் நாடு முழுக்க மெஷின் வாள்களைப் பதியச் சொன்னார்கள், பதிவில்லாமல் வைத்திருக்க விருப்பமில்லை. பலா, ஈரப்பலா போன்ற மரங்களைத் தறிக்க 1951 ஆம் ஆண்டிலிருந்தே அனுமதிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே வாளுக்கு ஒரு சொந்தக்காரர் பெயர் வேணும். அது ஆரால், எங்கே, எதை வெட்டினது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பெயர். ஒன்பது பேரில் இதுவரை கை உயர்த்தினது இரண்டு பேர். அதில் ஒருவர் 58 சிசி கட்சி.