இரண்டே இரண்டு அதிரசம்

ஐப்பசி மாதம் வெளியே மழை வாசனை என்றால், எங்கள் வீட்டுக்குள்ளே வெல்லப் பாகின் வாசனை. ஏலக்காயும் சுக்கும் வெல்லமும் கலந்து கூடம்வரை வரும் அந்த வாசனைதான் எனக்குத் தீபாவளி. பட்டாசும் புது வேஷ்டியும் அதற்கு அப்புறம். இப்படிப்பட்டவனைப் பார்த்து, 2021-ஆம் வருஷம் புரட்டாசியில் ஒரு டாக்டர், "இனிமேல் இனிப்பைக் கிட்டவே சேர்க்காதீர்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாவல்களில் எத்தனையோ பேருக்கு மரண தண்டனை கொடுத்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் அப்பீல் செய்ததில்லை. நானும் பேசாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தியாகி வேஷம் போட்டேன். "இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் பலகாரமே வேண்டாம்" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அப்பாவுக்குச் செய்தது போதாதாடா?"

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்பு பிடித்த கை. கடைசிப் பத்து வருஷம் சர்க்கரை வியாதி. காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்த பிறகு, வீட்டில் நாங்கள் எல்லோரும் போலீஸ்காரர்கள் ஆகிவிட்டோம். அதிரசத் தகர டப்பா பரணுக்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், தீபாவளி லேகியத்துக்கு மட்டும் தடை இல்லை. அது மருந்தாயிற்றே! சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை இவற்றோடு வெல்லமும் நெய்யும் தேனும் அதில் இருக்கின்றன என்பது அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளி வந்தால் அவருக்கு மூன்று வேளையும் வயிறு மந்தமாகவே இருக்கும்.

2008-ஆம் வருஷம், தீபாவளிக்கு மறுநாள் இரவு. நல்ல மழை, மின்சாரம் போய்விட்டது. எழுதிக்கொண்டிருந்தவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய் டார்ச்சை அடித்தேன். அப்பா நிற்கிறார். பக்கத்தில் முக்காலி. இரண்டு விரல் இல்லாத காலோடு அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறார். கையில் மூன்று அதிரசம், ஒன்று கடித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. எத்தனையோ பையன்களை எழுப்பி நிற்க வைத்தவர், அந்தப் பையன்கள் நின்ற மாதிரியே நின்றார். நான் மூன்றையும் வாங்கி டப்பாவில் போட்டு மூடினேன். கடித்ததையுமா என்று கேட்பீர்கள். ஆமாம், கடித்ததையும்தான். பிள்ளையின் கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு போய்ப் படுத்து நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

மறு வருஷம் புரட்டாசியில் அப்பா போய்விட்டார். இன்னொரு தீபாவளி அவருக்கு வரவில்லை.

மூன்று அதிரசம் அவர் உடம்புக்கு ஆகாது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பகலில் எல்லோரோடும் உட்கார வைத்து, அவர் இலையிலும் ஒரு சின்னத் துண்டு வைத்திருந்தால், ராத்திரி அந்த முக்காலியில் ஏறியிருப்பாரா? நாங்கள் "கூடாது" என்றோமே தவிர, "எவ்வளவு" என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

என் மனைவி யோசித்தாள். நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல் செய்கிறோம். வருகிறவர்களுக்குத் தொன்னையில் ஒரு கரண்டிதான். போதவில்லை என்று யாராவது கோபித்துக்கொண்டதுண்டா? அதே கணக்கைத் தீபாவளிக்கும் வைத்தால் என்ன என்றாள். முதலில் வெல்லத்தைக் குறைக்கப் பார்த்தாள். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். அதிரச மாவைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதே பாகுதான். தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் அது இருக்க வேண்டும். பதம் தப்பினால் மாவு எண்ணெயில் பிரிந்து போகும், இல்லாவிட்டால் கல்லாய்ப் போகும். ஆகவே இனிப்பில் கை வைக்க முடியாது, உருவத்தில்தான் வைக்கலாம்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் வீட்டு அளவு. அதில் அம்மா நாற்பது அதிரசம் தட்டுவாள். ஒன்றில் ஏறக்குறைய 19 கிராம் வெல்லம். என் மனைவி அதே மாவில் நூற்றறுபது தட்டினாள். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. ஒன்றில் ஐந்து கிராமுக்கும் குறைவு. சர்க்கரையும் வெல்லமும் நாள் முழுவதற்குமாகச் சேர்ந்து 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதுவும் என்னைப் போல வியாதி இல்லாதவர்களுக்கு! அம்மாவின் பழைய அதிரசம் இரண்டு தின்றால் அன்றைய கணக்கைத் தாண்டிவிடும். வெல்லமானால் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ரத்தத்துக்கு வெல்லமும் ஒன்றுதான், சீனியும் ஒன்றுதான்.

இதிலும் ஒரு சங்கடம் வந்தது. சின்னதாகத் தட்டினால் எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறது. சற்றுக் கனமாகத் தட்டி, எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து நன்றாகப் பிழிந்தாள். எனக்கு இரண்டே இரண்டு. அதுவும் மத்தியானச் சாப்பாட்டோடு, அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி குறைவு. மாலைப் பசிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். லேகியம் சுண்டைக்காய் அளவு. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரித்துவிட்டு, "பண்டிகைக்குப் பண்டிகை என்றால் சரி" என்றார்.

பெண்ணும் பிள்ளையும் முதல் வருஷம், "என்னம்மா, பொம்மைக் கல்யாணமா?" என்று கேலி செய்தார்கள். இப்போது அந்தச் சின்ன அதிரசத்தைத்தான் சிநேகிதர்களுக்கும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். டப்பாவும் பரணிலிருந்து இறங்கி அலமாரிக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்து மூடும் ஓசை கேட்டால் யாரும் எழுந்து வருவதில்லை. நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேனா என்றால், போன வருஷம் ஒரு நாள் மூன்று.

அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பது வழக்கம். போன தீபாவளிக்கு வேஷ்டி துண்டு வைத்து, முறுக்கு வைத்து, மனைவி இரண்டு அதிரசம் வைத்தாள். அம்மா கிட்டே வந்து நின்று பார்த்தாள். தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து இலையில் வைத்தாள்.

"ஆளுக்கு இரண்டுதானே அத்தை?" என்றாள் மனைவி, சிரித்துக்கொண்டு.

"தெரியும். இது என்னுடையது" என்று சொல்லிவிட்டு, அம்மா விளக்கைத் தூண்டிவிட்டாள்.