ஒரு கேமின் கஷ்டமான லெவல் எது? உருவாக்கியவர்களிடம் கேளுங்கள்!

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கடலையைப் பக்குவமாக வறுத்து, தோல் நீக்கி, நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கியிருந்தாலும், பாகுப் பதத்தைக் கோட்டைவிட்டால் அத்தனையும் வீண். முன்னாலேயே இறக்கினால் பல்லில் ஒட்டும். தாமதித்தால் கசக்கும்.

கம்ப்யூட்டர் கேம் உருவாக்குவதிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. 'கிட்டத்தட்ட முடிந்துவிட்டது' என்று எல்லோரும் நிம்மதியாகும் நேரம் அது. உண்மையில் எத்தனையோ கேம்கள் வெளிச்சத்துக்கு வராமல் நின்றுபோவது அங்கேதான்.

கேமுக்கும் கரிசல் பூமிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஃபேன்டஸி கேமுக்கு முதல் தேவை கதை. அது இந்த ஊரில் கொட்டிக்கிடக்கிறது. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன், கிராமத்து மனிதர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளைத் தேடித்தேடிச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றில் ஒன்றை கேமாக்க வேண்டும் என்று இங்கே கம்ப்யூட்டர் படிக்கும் ஒரு மாணவிக்குத் தோன்றினால் ஆச்சர்யமில்லை. ஆரம்பிப்பது எளிது. முடிப்பது எப்படி? அதற்கு புனேயில் ஒரு நிஜக் கதை இருக்கிறது.

'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சிறிய குழு உருவாக்கிய ஃபேன்டஸி அட்வென்ச்சர் கேம். அசுரர்கள் தூக்கிச்சென்ற தம்பியைத் தேடிப் போகும் ஒரு சர்க்கஸ் பெண்ணின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் அவளுக்குத் துணை. ராஜஸ்தான் கோட்டைகளை நினைவூட்டும் அரண்மனைகள், நிழல்பாவைக்கூத்து பாணியில் கதை சொல்லும் காட்சிகள் என்று எல்லாமே நம் மண்ணின் சாயல்.

ஆனால், பாதை சுலபமாக இல்லை. 2017-ல் மக்களிடம் நிதி திரட்ட இணையத்தில் முயன்றார்கள். இலக்கு எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் வீட்டை விற்று வேலையைத் தொடர வைத்தார். கடைசியில் 2020 ஆகஸ்ட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும், அக்டோபரில் கம்ப்யூட்டர் உள்ளிட்ட மற்றவற்றிலும் 'ராஜி' வெளியானது. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது.

சரி, அந்தக் கடைசிக் கட்டத்தில் அப்படி என்னதான் வேலை?

எல்லா லெவல்களும் ஏதோ ஒரு வடிவில் உள்ளே வந்துவிட்டால் அது 'ஆல்ஃபா'. அதன் பிறகு வருவது 'பீட்டா'. பீட்டாவுக்கு ஒரே சட்டம்தான்: புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. இதற்குக் கட்டுப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம். ஏனென்றால், நல்ல ஐடியாக்கள் எல்லாம் அப்போதுதான் வரும்!

அடுத்தது, பிழைகளைப் பட்டியலிடுவது. கேம் நின்றுபோகிறதா? உடனே சரிசெய்ய வேண்டும். கதாநாயகி சுவருக்குள் சிக்கிக்கொள்கிறாளா? அதுவும் அவசரம். ஒரு மரத்தின் நிழல் கோணலாக விழுகிறதா? அது காத்திருக்கலாம். ஒரு பிழையைத் திருத்தினால் வேறெங்கோ இன்னொன்று முளைக்கும். அதனால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஏற்கெனவே நன்றாக ஓடிய பகுதிகளையும் மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். ஆயிரம் முறை ஆடிய பிறகு, உருவாக்கியவருக்கே அந்த கேம் சலித்துவிடும்.

அப்போதுதான் வெளியாள் தேவை. கேமை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். 'அந்தக் கதவைத் திற' என்று சொல்லத் துடிக்கும். சொல்லக் கூடாது. அவருக்குக் கதவு தெரியவில்லை என்றால் தப்பு அவர்மீது இல்லை, கதவின் மீதுதான்.

தமிழில் கேம் செய்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சில கேம் மென்பொருள்கள் நம் எழுத்தைச் சரியாகக் கோக்காது. 'கோவில்பட்டி' என்று எழுதினால், 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். கேம் முழுக்க முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? எனவே, முதல் நாளே ஒரு தமிழ் வரியைத் திரையில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் கேம் குறையில்லாமல் வெளிவருமா? வராது. 'ராஜி'யின் முடிவு சட்டென்று வந்துவிட்டது, கேம் சின்னதாக இருக்கிறது என்று விமர்சனங்கள் வந்தன. ஆனால், அது வெளியானதால்தான் அந்த விமர்சனமே வந்தது. 2022-ல் இந்திக் குரல்களோடு மெருகேற்றிய பதிப்பையும் அந்தக் குழு கொண்டுவந்தது. வெளிவராத கேமுக்கு இரண்டாவது பதிப்பு ஏது?

சின்னதாக முடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கனடாவின் டொரன்டோவில் 'விசை கேம்ஸ்' உருவாக்கிய 'வெண்பா' 2023-ல் வெளியானது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம். சில மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான்.

இன்று 'கோடோ' போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண லேப்டாப்பிலேயே ஆரம்பிக்கலாம். கரிசலில் கதைக்கும் பஞ்சமில்லை. பத்து ராஜ்ஜியம், நூறு அசுரர்கள் என்று திட்டம் போடுவதைவிட, ஒரு ஊர், ஒரு புளியமரம், அதில் ஒரு முனி போதும். பத்து நிமிட கேம்தான் என்றாலும் முழுசாக முடித்து, கேமே ஆடாத பாட்டியிடம் போனைக் கொடுங்கள். கதை தெரிந்தவர் அவர். எந்த இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.