மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?

சென்னைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்கும் இடம் மெரினா. காமராஜர் சாலையிலிருந்து கிழக்கே நடந்தால் தண்ணீரைத் தொடுவதற்குள் கால் சோர்ந்துவிடும். அவ்வளவு அகலமான மணல்வெளி. அந்த மணலில் பெரும்பகுதிக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுதான். நகரமோ 380 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஊர் முதலில் வந்து, அதன் புகழ்பெற்ற கடற்கரை பின்னால் வந்த இந்த வரலாறு சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரிந்திருப்பதில்லை.

மணலின் மூலத்தைத் தேடப் புகுந்தால் முதலில் துறைமுகம் இல்லாத சென்னையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1639இல் பிரான்சிஸ் டே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்ற நிலம், கூவத்துக்கும் கடலுக்கும் இடையே கிடந்த ஒரு மணல்திட்டு. கப்பலுக்கு ஒதுங்க வளைகுடாவோ, ஆழமான கழிமுகமோ அங்கே இல்லை. வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ஆணி அடித்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். கூடவே கட்டுமரங்கள் போகும். படகு கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கிவிடுவது கட்டுமரக்காரர்களின் வேலை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு மாகாணத் தலைநகரின் கடல் வணிகம் முழுவதும் இந்தக் கரையின் மீனவர்கள் போட்ட துடுப்பில்தான் நடந்தது. நகர வரலாறு எழுதுகிறவர்கள் கவர்னர்களுக்குக் கொடுத்த பக்கங்களில் சிலவற்றையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

திறந்த கடலின் ஆபத்தை 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கண்டார்கள். செப்டம்பரில் அவர்களுடைய கடற்படைத் தளபதி லா பூர்தொனே கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்; அக்டோபரில் அடித்த புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது.

அந்தக் காலத்துக் கரை எங்கே இருந்தது? புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே கடல் இருந்தது. இன்று அந்த மதிலுக்கும் கடலுக்கும் நடுவே அகன்ற சாலையும் துறைமுக நிலமும் கிடக்கின்றன. தெற்கே, திருவல்லிக்கேணியில், இன்னொரு சாட்சி நிற்கிறது: ஐஸ் ஹவுஸ். இந்தத் தேடலில் எனக்கு அதைவிடத் தெளிவான சான்று அகப்படவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க, பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் கட்டிய கிடங்கு அது. வெயிலில் கரைந்துபோகும் சரக்கை இறக்கியதும் உள்ளே கொண்டுசேர்க்க வேண்டும் என்பதால்தான் கடலோரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அதன் வாசலில் நிற்பவருக்குக் கடல் தொலைவில்தான் தெரியும். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வணிகம் படுத்தது. கட்டடம் கைமாறி வீடானது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அவர் பெயரில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

கரை நகர்ந்ததற்குக் காரணம் துறைமுகம். 1861 வாக்கில் கடலுக்குள் நீண்ட ஓர் இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். கப்பலுக்கு அது புகலிடம் ஆகவில்லை. பிறகு வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி, ஏறத்தாழ 3000 அடி இடைவெளியில் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கிழக்கே வாசல் விடுவது என்று முடிவாயிற்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அதில் பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டே முடியப்போனது.

சோழமண்டலக் கரையில் மணல் ஒருபோதும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஏறத்தாழ மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகின்றன. ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளும், இறங்கும் அலை நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் சிறிது வடக்கே நகர்ந்துவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்த ஓட்டம் தெற்கே திரும்பும். ஆனால் அந்த மாதங்கள் குறைவு. வருடக் கணக்கை நேர் செய்து பார்த்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. வாய்க்காலில் பலகை போட்டதுபோல இதன் குறுக்கே துறைமுகச் சுவர் நின்றது. சுவரின் தென்பக்கம் மணல் தேங்கத் தொடங்கியது, வருடா வருடம் கரை கடலுக்குள் முன்னேறியது. கோட்டையிலிருந்து தெற்கே திருவல்லிக்கேணி வரை விரிந்த மணல் இப்படிச் சேர்ந்ததுதான்.

மணல் துறைமுகத்தையும் விடவில்லை. கிழக்கு வாசல் தூர்ந்து ஆழம் குறைந்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்த வாசலை மூடி வடகிழக்கில் புது வாசல் அமைத்தார். இந்தக் கரையின் மணல் ஓட்டத்தை ஊன்றி ஆராய்ந்து எழுதியவரும் அவரே.  

சேரத் தொடங்கிய மணலின் ஓரத்தில் கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் உலாச்சாலை அமைத்தார். சிசிலித் தீவில் தாம் கண்டவற்றின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயரிட்டார். மணல் அகல அகல அது ஊரின் பொதுவெளியானது. 1907இல் பாரதியார் முயற்சியால் சென்னைக்கு வந்த விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலரின் பேச்சைக் கேட்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கூட்டம் திரண்டது. அவ்வளவு பேரை ஒரு சுவரும் இல்லாமல் உட்காரவைக்க அந்த மணல்வெளி வாய்த்திருந்தது. 1959இல் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை அங்கே வந்தது. பின்னர் அண்ணாவில் தொடங்கி முதலமைச்சர்களின் நினைவிடங்கள் வந்தன. அலைகள் சேர்த்த நிலத்தின்மேல் தமிழக அரசியல் வரலாறு தன் சின்னங்களை நிறுத்தியிருக்கிறது.

துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, நேப்பியர் பாலத்தருகே, கூவம் கடலில் சேர வேண்டும். தேங்கும் மணல் அந்த முகத்துவாரத்தையும் அடைத்துக்கொண்டே இருக்கிறது. மழை வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும், வடிந்ததும் மணல்மேடு திரும்ப எழும். கூவம் நாறுவதற்கு முதற்காரணம் அதில் விடும் கழிவுநீர். வாய் அடைபட்டு, கடல்நீர் ஏறி இறங்கி ஆற்றை அலச முடியாமற்போனது அந்த நாற்றத்தை நிரந்தரமாக்கியது.

தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அந்தப் பக்கத்தைப் புதியவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. துறைமுகம் வருமுன்பும் இன்றைய ஜார்ஜ் டவுன் ஓரத்தைக் கடல் அரித்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டி ஹாவிலாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் அங்கே கல்சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. ஆனால் துறைமுகச் சுவர் நின்ற பின் வடக்குக் கரைக்கு வரவு நின்றுபோய், அலை எடுத்த மணலை ஈடுசெய்ய எதுவும் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை தேய்ந்தது. மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்தன. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணலை இழந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர் இன்று பல இடங்களில் காண்பது கடற்கரையை அல்ல, கொட்டிய கருங்கல்லை. தென்சென்னை மாலைக்காற்று வாங்கும் மணலுக்கு வடசென்னை விலை கொடுத்திருக்கிறது என்பது என் முடிவு.

அரிப்பைத் தடுக்கத் திருவொற்றியூர்ப் பக்கம் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இந்தக் கற்சுவர்கள் செய்வதும் துறைமுகச் சுவரின் வேலையைத்தான், சிறிய அளவில்: தம் தென்பக்கம் மணலைப் பிடித்துவைக்கும், வடபக்கத்துக்குப் பற்றாக்குறையைத் தள்ளும். 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் இதே ஓட்டத்தின் குறுக்கே எழுந்தன. அவற்றுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணற்கரையை நோக்கி, அரிப்பு இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது.